பிள்ளைகளின் எடையை எதை வைத்துக் கணக்கெடுப்பது?

வருகிற ஜூலையில் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளப்பதென்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவாகியிருக்கிறது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற பள்ளி இது. எப்படி அளப்பது, அளந்ததை எந்த அட்டவணையோடு ஒப்பிடுவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அறிவியல் டீச்சர் என்பதால் என்னிடம் வந்தது. ஒரு மாதமாக இதே வேலைதான். புதுவயல், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் இருக்கிற மற்றப் பள்ளிகளிலும் இந்தக் கேள்வி வரும் என்பதால், நான் எடைபோட்டுப் பார்த்த வழிகளை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் வராந்தாவில் தராசை வைத்து, வரிசையில் நிற்க வைத்து, ஒருவர் எடையைச் சத்தமாகச் சொல்ல இன்னொருவர் நோட்டில் எழுதினார். சுவரில் ஒட்டியிருந்த பெரியவர்களுக்கான அட்டவணையைப் பார்த்து அங்கேயே "நீ ஒல்லி, நீ குண்டு" என்று பிரித்தார்கள். அன்றிலிருந்து எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பல வாரங்கள் தன் டிபன் பாக்ஸைத் தோழியிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதைத் தாமதமாகக் கவனித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த நோட்டை வைத்து யாரும் எதுவும் செய்யவில்லை என்பது தனி வருத்தம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார் குழுவில் ஒரு பெரியவர். நம் ஊர் அப்பத்தாக்களின் கண்ணுக்குப் பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல இருந்தால்தான் நிம்மதி. வளரும் வயதில் கையும் காலும் நீண்டு நிற்கிற பையனைப் பார்த்தால் "இளைச்சுப் போயிட்டானே" என்று கந்தரப்பத்தைத் தட்டில் வைப்பார்கள். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்துப் பேர் பார்த்தால் பத்து விதமாகச் சொல்வார்கள். அடுத்த வருடத்தோடு ஒப்பிடவும் முடியாது. வகுப்பாசிரியர் கண்ணும் அப்படித்தான். வகுப்பில் பாதிப் பேர் மெலிந்திருந்தால் மெலிவே சரியான அளவாகத் தெரியத் தொடங்கிவிடும்.

பிள்ளைகளிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்பது இரண்டாவது யோசனை. செலவே இல்லை. ஆனால் இந்த வயதில் உயரத்தைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் சொல்வது உலகமெங்கும் இருக்கிற பழக்கம். அதிலும் பல வீடுகளில் எடை பார்க்கும் மெஷினே கிடையாது. கடைசியாக எப்போது எடை பார்த்தாய் என்று என் ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். ஊர்த் திருவிழாவில் காசு போட்டுப் பார்த்ததாகச் சொன்னார்கள் சிலர். இந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஆக, அளந்துதான் ஆக வேண்டும். எதை அளப்பது?

இப்போது மருத்துவர்கள் வயிற்றுச் சுற்றளவைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது எளிய கணக்கு. வயதுக்கு ஓர் அட்டவணை, ஆண் பெண்ணுக்குத் தனி அட்டவணை என்று எதுவும் வேண்டாம். எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. என்ற கணக்கைவிட, வயிற்றில் சேரும் கொழுப்பை இது நேராகக் காட்டும். ஆனால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை வைக்கச் சட்டையை விலக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண்களை அப்படி நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய காரணம், இந்த அளவு மெலிந்த பிள்ளையைக் காட்டாது. நம் பள்ளியில் இரண்டு பக்கமும் இருக்கிறது. தோல் மடிப்பைக் கிள்ளி அளக்கும் காலிப்பருக்கு நல்ல பயிற்சி வேண்டும். ஒரே பிள்ளையை இரண்டு பேர் அளந்தால் இரண்டு எண் வரும். உடலில் மெல்லிய மின்சாரம் செலுத்திக் கொழுப்பைச் சொல்லும் மெஷின்களின் விடை, பிள்ளை எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதைப் பொறுத்துக்கூட மாறும். அவை மருத்துவமனைக்குச் சரி, எங்களுக்கு வேண்டாம்.

மிச்சம் இருப்பது பி.எம்.ஐ., அதாவது உடல் நிறைக் குறியீட்டெண். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற எண். 1830களில் பெல்ஜியக் கணித அறிஞர் கெட்லே போட்ட கணக்கு இது. அவர் மக்கள்தொகையின் சராசரி மனிதனைத் தேடிக்கொண்டிருந்தார். நோயாளிக்கு வைத்தியம் பார்க்க அதை உண்டாக்கவில்லை. 1972-இல் ஆன்செல் கீஸ் இதற்கு இப்போதைய பெயரை வைத்தபோதும் கூட்டத்தை அளக்கவே ஏற்றது என்ற எண்ணம்தான் இருந்தது. எங்களுக்கும் வேண்டியது அதுதான். ஒரு பிள்ளையின் உடல்நலத்தை இந்த எண் தீர்ப்பாகச் சொல்லாது. எழுநூறு பிள்ளைகள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதைச் சொல்லும்.

இதன் குறை நம் ஊருக்கு முக்கியமானது. 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவர் உடலையுமே உதாரணமாகக் காட்டி ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்பின் அளவோ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்கிற இந்தியத் தேகத்தைப் பி.எம்.ஐ. தவறவிடும். மறுபக்கம், கபடியும் சிலம்பமும் ஆடித் தசை ஏறிய பையனைக் கூடுதல் எடைக்காரன் என்று காட்டிவிடும். இரத்தசோகையைப் பற்றி இது ஒரு வார்த்தை பேசாது, சரியான பி.எம்.ஐ. உள்ள பெண்ணுக்கும் இரத்தசோகை இருக்கலாம். வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை இந்தக் கணக்கெடுப்பை வைத்து யாருக்கும் நிறுத்தக் கூடாது என்று எங்கள் தலைமையாசிரியையிடம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவு குறையோடும் நான் பி.எம்.ஐ.யைத்தான் சொல்கிறேன். ஒரு தராசும் ஒரு அளவுப் பலகையும் போதும், யூனிஃபார்மோடு அளக்கலாம், மெலிவு பருமன் இரண்டையும் ஒரே அளவில் பார்க்கலாம்.

இனிமேல்தான் உண்மையான கேள்வி. எந்த அட்டவணை?

சுவரில் தொங்குகிற அட்டவணையில் 18.5-க்குக் கீழே மெலிவு, 25-லிருந்து கூடுதல் எடை, 30-லிருந்து பருமன். இந்தக் கோடுகள் வளர்ந்த பெரியவர்களுக்கு உரியவை. பதின்மூன்று வயது நிறைந்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். 152 சென்டிமீட்டர் உயரம், 35 கிலோ எடை. பி.எம்.ஐ. 15.1. சுவர் அட்டவணைப்படி இவன் மிக மெலிந்தவன். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையில் அந்த வயதுப் பையன்களுக்கு மெலிவுக் கோடு 14.9. அவன் அதற்கு மேலேதான் இருக்கிறான். இப்போது அதே வயதுப் பெண், 150 சென்டிமீட்டர், 50 கிலோ. பி.எம்.ஐ. 22.2. சுவர் அட்டவணையில் ஒரு குறையும் இல்லை. 2007 அட்டவணையில் பெண்களுக்கு அந்த வயதில் கூடுதல் எடைக் கோடு 21.8, அவள் தாண்டிவிட்டாள். பெரியவர்கள் அட்டவணையைப் பிள்ளைகளுக்கு வைத்தால் இல்லாத மெலிவைக் காட்டும், இருக்கிற கூடுதல் எடையை மறைக்கும். தவறு ஒரே பக்கமாகப் போனாலாவது கூட்டிக் கழித்துச் சரிசெய்யலாம். இதில் அந்த வழியும் இல்லை. முன்னே சொன்ன அந்தப் பள்ளியின் நோட்டு முழுவதும் இந்தத் தவறுதான் நிறைந்திருந்தது.

காரணம் எளிது. பிள்ளைகளின் பி.எம்.ஐ. வயதோடு ஏறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேகத்தில் ஏறும். பெண் பிள்ளைகள் முன்னதாகவே பருவமடைகிறார்கள். அப்போது உடலில் கொழுப்பு சேர்வது இயற்கை. எட்டாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் ஒரே கோட்டால் அளக்க முடியாது. வயதும் மாதக் கணக்கில் வேண்டும். பதின்மூன்று நிறைந்த பையனுக்குக் கூடுதல் எடைக் கோடு 20.8, பதினான்கு நிறைந்தவனுக்கு 21.8. ஒரு வருடத்தில் ஒரு முழு எண் நகர்கிறது. பிறந்த தேதி எமிஸ் என்ற அரசின் மாணவர் விவரப் பதிவிலேயே இருப்பதால் அதில் சிக்கல் இல்லை.

வயதுக்கேற்ற அட்டவணைகளில் மூன்று முக்கியமானவை. சர்வதேசப் பருமன் பணிக்குழுவின் 2000-ஆம் ஆண்டு அட்டவணை பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா என ஆறு நாட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. நாடுகளை ஒப்பிடும் ஆய்வாளர்களுக்கு அது பயன்படும். எங்கள் பள்ளியின் கேள்விக்கு அதைத் தேடிப் போகக் காரணம் இல்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணை 5 முதல் 19 வயது வரைக்குமானது. அதன் அடிப்படை பழைய அமெரிக்கப் பிள்ளைகளின் அளவுகள். கோடுகள் 19 வயதில் ஏறக்குறைய 25, 30 என்ற பெரியவர் எண்களில் போய்ச் சேரும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 அட்டவணை 5 முதல் 18 வயது வரை. நம் நாட்டு நகரங்களின் நடுத்தர, வசதியான குடும்பத்துப் பிள்ளைகளை அளந்து செய்தது. அதன் கோடுகள் 18 வயதில் 23, 27 என்ற எண்களில் முடியும். குறைந்த பி.எம்.ஐ.யிலேயே நம் உடலில் கொழுப்பும் சர்க்கரை நோய் ஆபத்தும் கூடுகின்றன என்பதால் கோட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். யாஜ்னிக் காட்டிய உண்மையை மனதில் வைத்தால் அது நியாயமான முடிவு.

வித்தியாசத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் பார்க்கலாம். பதினேழரை வயதுப் பெண், 158 சென்டிமீட்டர், 60 கிலோ. பி.எம்.ஐ. 24. உலக அட்டவணையில் அவள் சரியான எடைக்குள் இருக்கிறாள். இந்திய அட்டவணையில் கூடுதல் எடை. அளந்த தராசும் பெண்ணும் மாறவில்லை. தாள் மட்டும் மாறியது. ஒரு பள்ளி உலக அட்டவணையிலும் பக்கத்துப் பள்ளி இந்திய அட்டவணையிலும் கணக்குப் போட்டு, "உங்கள் பிள்ளைகள்தான் அதிகம் குண்டு" என்று பேசிக்கொண்டால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை. எடைக் கணக்கெடுப்பு பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் எந்த அட்டவணை என்று முதலில் தேடுங்கள். அது இல்லாவிட்டால் அந்தச் சதவீதத்தை நம்ப வேண்டாம்.

தலைமையாசிரியை கேட்டார்: "இந்தியப் பிள்ளைகளுக்கு இந்திய அட்டவணைதானே டீச்சர் பொருத்தம்?" நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பிள்ளையை மருத்துவர் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கும்போது அதுவே பொருத்தம். எங்கள் கேள்வி வேறு: நம் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறார்கள்? 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 24 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 5 சதவீதம் பேர் கூடுதல் எடை அல்லது பருமன் என்று சொன்னது. அது உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையால் போட்ட கணக்கு. அதோடு ஒப்பிட வேண்டுமானால் நாங்களும் அதையே எடுக்க வேண்டும். அதற்கான ஆந்த்ரோ பிளஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆணா பெண்ணா என்பது, பிறந்த தேதி, அளந்த தேதி, உயரம், எடை கொடுத்தால் கணக்கை அதுவே போட்டுவிடும்.

ஆகவே என் பரிந்துரை, மெலிவுக்கும் பருமனுக்கும் முதல் கணக்கு உலக அட்டவணையில். கூடுதல் எடைக்கு மட்டும் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு இந்திய அட்டவணையின் எண்ணிக்கையையும் எழுதுவோம். உயரத்தையும் எடையையும் அப்படியே சேர்த்து வைத்தால் நாளைக்கு வேறு அட்டவணை வந்தாலும் திரும்பக் கணக்குப் போடலாம். "மெலிவு", "பருமன்" என்ற முடிவை மட்டும் எழுதிவிட்டு அளவுகளைத் தூக்கிப் போடுவது பெரிய நஷ்டம்.

அந்த 24-ஐயும் 5-ஐயும் பார்த்தீர்களா? எடைக் கணக்கெடுப்பு என்றதும் எல்லோரும் பருமனையே நினைக்கிறார்கள். குழுவிலும் பேச்சு முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் பேக்கரியில் வாங்கும் பப்ஸ், பாட்டில் பானம் பற்றித்தான் இருந்தது. அதுவும் பேச வேண்டியதே. ஆனால் நம் செட்டிநாட்டில் பெரிய வீடுகளை வைத்து மட்டும் ஊரை எடைபோட முடியாது. கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம் விளைகிற கிராமங்களிலிருந்து காலை ஏழு மணி பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள் இங்கே நிறைய. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்ததாகப் பிரேயரில் மயங்கி விழுந்த பிறகுதான் சொல்வார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு இப்போது பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்று, பன்னிரண்டுக்கு இல்லை. பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் இடையே மெலிவு கூடுகிறதா என்பதுதான் இந்தக் கணக்கெடுப்பில் நான் முதலில் தேடப்போகிற விடை. கூடினால், அந்த இரண்டு வகுப்புக்கும் மதியம் ஏதாவது ஏற்பாடு செய்யச் சொல்லி முன்னாள் மாணவர்களிடம் கையில் கணக்கோடு போய் நிற்கலாம். கல்விக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துப் பழகிய ஊர் இது. கேட்பதற்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான்.

அளக்கிற முறையில் கவனம் பிசகினால் இத்தனை யோசனையும் வீண். அந்த 150 சென்டிமீட்டர் பெண்ணுக்குத் திரும்ப வருகிறேன். அவளைக் கொண்டையோடும் பூவோடும் அளந்து 152 என்று எழுதினால் பி.எம்.ஐ. 21.6 ஆகிவிடும், 21.8 கோட்டுக்குக் கீழே. இரண்டு சென்டிமீட்டர் மல்லிகைப் பூ ஒரு பிள்ளையை ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு நகர்த்திவிடுகிறது. உயரம் வர்க்கமாகக் கணக்கில் வருவதால் அதில் செய்கிற சின்னத் தவறும் பெரிதாகும். ஷூ, சாக்ஸ், பெல்ட், பாக்கெட்டில் இருக்கிற போன், சாவி எல்லாம் வெளியே. பின்னலை மேலே தூக்கிக் கட்டாமல் தோளில் விட்டுக்கொள்ள வேண்டும். குதிகால், பின்புறம், தோள், தலையின் பின்பக்கம் பலகையில் படட்டும். காதுத் துளையும் கண்ணின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். எல்லா வகுப்பையும் காலையிலேயே அளக்க வேண்டும், ஏனென்றால் முதுகெலும்பு அமுங்கிச் சாயங்காலத்துக்குள் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும். மதியச் சாப்பாடு எடையையும் மாற்றும்.

தராசைத் தரைவிரிப்பின் மேல் வைக்கக் கூடாது. எங்கள் பழைய கட்டடத்தின் ஆத்தங்குடிக் கல் தரை மட்டமாகவும் கெட்டியாகவும் இருக்கிறது, அதுவே நல்ல இடம். தினமும் தொடங்கும் முன் எடை தெரிந்த ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். இருபது லிட்டர் தண்ணீர் கேனை முதலில் காலியாகவும் அப்புறம் நிரப்பியும் வைத்தால், வித்தியாசம் இருபது கிலோவாக வர வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு முறை அளந்து, உயரம் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் மூன்றாவது முறை.

எல்லோரையும் அளப்பதா, சிலரை மட்டும் எடுப்பதா என்றும் கேட்டார்கள். குலுக்கலில் நூறு பேரை எடுத்து இருபது சதவீதம் மெலிவு என்று வந்தால், உண்மை பன்னிரண்டிலிருந்து இருபத்தெட்டுக்குள் எங்கேயும் இருக்கலாம். நானூறு பேர் என்றால் பதினாறிலிருந்து இருபத்துநாலு. வகுப்புவாரியாகப் பார்க்க வேண்டிய எங்களுக்கு எல்லோரையும் அளப்பதே நல்லது. சிலரை மட்டும் கூப்பிட்டால் "என்னை ஏன் கூப்பிட்டார்கள்" என்று பிள்ளைகள் கலங்கவும் செய்வார்கள்.

கடைசியாக, வீட்டுக்குக் கடிதம். உங்கள் பிள்ளை பருமன் என்று பெற்றோருக்குச் சீட்டு அனுப்பலாம் என்றார்கள் இரண்டு மூன்று பேர். 2003-இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலம் சட்டம் போட்டே இதைத் தொடங்கியது. பிறகு கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் 28,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள்; முடிவு 2021-இல் வெளிவந்தது. வீட்டுக்குச் சீட்டு போனதால் பிள்ளைகளின் எடையில் முன்னேற்றம் வரவில்லை. பள்ளியில் எடை பார்த்த பிள்ளைகளிடம் தங்கள் உடலைப் பற்றிய மனக்குறை கூடியிருந்தது. அந்த டிபன் பாக்ஸைப் பார்த்த பிறகு எனக்கு இந்த ஆய்வே தேவைப்படவில்லை, ஆனாலும் குழுவில் காட்டினேன். எங்கள் பள்ளியில் சீட்டு கிடையாது. மிகக் கடுமையான மெலிவோ பருமனோ உள்ள பிள்ளையின் அம்மாவையோ அப்பாவையோ தனியே கூப்பிட்டுப் பேசி, பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் காட்டச் சொல்வோம். மற்றபடி வகுப்புவாரியான எண்ணிக்கை மட்டும் குழுவுக்குப் போகும். பத்துப் பேருக்குக் கீழே உள்ள எண்ணைத் தனியாக எழுத மாட்டோம். சின்ன ஊரில் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இடம் நூலக அறை. ஜன்னலுக்குத் திரை போட்டு, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை; பெண் பிள்ளைகளை டீச்சர்கள்தான் அளப்பார்கள். தராசின் எண் பிள்ளைக்கு முதுகுப் பக்கம் திரும்பியிருக்கும், எழுதுகிறவர் வாய் திறந்து எண்ணைச் சொல்ல மாட்டார். பிள்ளையே கேட்டால் தாளில் எழுதிக் கொடுப்போம். அளக்க விருப்பமில்லை என்று சொல்கிற பிள்ளையை விட்டுவிடுவோம். தராசுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் பணம் தருகிறது. உயரப் பலகையை எங்கள் தெரு ஆசாரி தேக்குப் பலகையில் செய்துகொண்டிருக்கிறார். தலையில் வந்து உட்காரும் கட்டை மூலைமட்டத்துக்குச் சரியாக நிற்கிறதா என்று நேற்றுச் சாயங்காலம் நான்கு முறை வைத்துப் பார்த்தோம். அரைக்கால் அங்குலம் சாய்ந்திருந்தது. பிரித்துத் திரும்பச் செய்கிறேன் டீச்சர் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.